கரடுமுரடான மலைப்பாதைப் பயணத்திற்கான இருவழி வானொலி

இருவழி வானொலி என்பது ஒரே கருவியைக் கொண்டு பேசவும் கேட்கவும் உதவும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி ஆகும். கையில் எடுத்துச் செல்லும் வகையை மக்கள் வாக்கி டாக்கி என்பர். தார்ச்சாலை முடிந்து கல்லும் மண்ணுமான ஜீப் பாதையில் இரண்டு மூன்று வண்டிகள் வரிசையாகச் செல்லும்போது, முன்வண்டியில் இருப்பவர் கண்டதைப் பின்வண்டிக்குச் சொல்ல இக்கருவி பயன்படுகிறது. கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும். வானொலிக்கு எதிரில் இன்னொரு வானொலி இருந்தால் போதும். மேலும், கைப்பேசியில் ஒருவர் ஒருவரை அழைத்து, மணி அடித்து, எடுத்த பிறகே பேச முடியும். வானொலியில் பொத்தானை அழுத்திய மறுநொடி ஒருவர் சொல்வதை எல்லா வண்டிகளும் கேட்கும். "வளைவில் ஜீப் இறங்கி வருகிறது, அங்கேயே நில்லுங்கள்" என்ற செய்திக்கு இந்த வேகம் தேவை.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் உள்ள இத்தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வண்டிப்பாதை கிடையாது. போடிநாயக்கனூர், போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் சென்று, சூரியநெல்லியிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் குண்டும் குழியுமான பாதையில் ஏற வேண்டும். பயணிகள் பெரும்பாலும் சூரியநெல்லியில் வாடகை ஜீப் எடுத்துத்தான் மேலே போகின்றனர். காரைக்குடி செக்காலையிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து கிளம்பினால், மதுரை, தேனி வரை கைப்பேசியே போதும். ஜீப்புகளில் பிரிந்து ஏறிய பிறகுதான், முன்னால் போன ஜீப்பில் இருக்கும் பிள்ளைகள் எந்த வளைவில் இருக்கிறார்கள் என்று பின்னால் வரும் ஜீப்பில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

இத்தகைய பயணத்துக்கு வானொலி தேடுபவர் பொதுவாக இணையத்தில் "அதிக தூரம்" என்று தேடுகிறார். அட்டைப்பெட்டியில் 5 வாட், 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்கிவிடுகிறார். இந்தியாவில் தேர்வு அங்கே தொடங்கக் கூடாது. எந்த அதிர்வெண்ணில் பேசச் சட்டம் இடம் தருகிறது என்பதே முதற்கேள்வி. வாட்டும் தூரமும் அதற்குப் பிறகு வருபவை.

சட்டம் இடம் தரும் அலைவரிசைகள்

இந்தியாவில் வானொலி அலைகள் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளவை. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் குற்றம் என்பதில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தோடு இதையும் சேர்த்து அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்டதே 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். இது மத்தியச் சட்டம். ஆகவே போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டினாலும் விதி மாறாது.

உரிமம் தேவையில்லை என்று அரசே விலக்களித்த சில அலைவரிசைகள் உள்ளன. பயணிகளுக்குப் பயன்படக்கூடியவை அவற்றில் இரண்டு.

முதலாவது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பட்டை. 2018ஆம் ஆண்டின் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கான விலக்கு விதிகளின் கீழ் இது வருகிறது. ஐரோப்பாவில் பி.எம்.ஆர். 446 என்ற பெயரில் வழங்கும் கருவிகள் இதே பட்டையில் இயங்குகின்றன. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இதில் 16 தடங்கள் அமையும். ஐரோப்பியத் தரத்தில் இவற்றின் ஆற்றல் அரை வாட் மட்டுமே. ஆன்டெனாவைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தவும் முடியாது. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போல இருக்கும். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் யாரிடமும் உரிமம் கேட்காமல் கையில் வைத்துப் பேசக்கூடிய கருவி இதுதான்.

இரண்டாவது, 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குடிமக்கள் அலைவரிசை. 2005இல் 5 வாட் வரை உரிம விலக்குப் பெற்றது. அமெரிக்க லாரி ஓட்டுநர்களால் உலகப் புகழ் பெற்ற அலைவரிசை இது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது, எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கிறது, எங்கே காவலர் வேகம் பார்க்கிறார் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதில்தான். ஆனால் அங்கு 40 தடங்கள் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கின்றன. இந்திய விலக்கு 27.283 உடன் நின்றுவிடுகிறது. எனவே அமெரிக்கக் கருவி ஒன்றின் மேல்தடங்கள் இங்கு விலக்குக்கு வெளியே போய்விடும். இவ்வகைக் கருவிகள் இந்தியச் சந்தையில் அரிதாகவே கிடைக்கின்றன. அலைநீளம் 11 மீட்டர் என்பதால் கால் அலை ஆன்டெனாவே 2.75 மீட்டருக்கு மேல் வரும். சுருள் சேர்த்துக் குறுக்கினால் திறன் குறையும்.

செட்டிநாட்டுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உறவினர் இல்லாத வீடு இப்பகுதியில் குறைவு. ஊருக்கு வரும்போது, "பிள்ளைகள் விளையாடட்டும்" என்று ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி வருவது எளிது. மலேசியாவில் பொதுமக்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 477 மெகாஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவிலும் 477ஐ ஒட்டிய 80 தடங்கள். அங்கு 10ஆம் தடம் கரடுமுரடான பாதைகளில் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் கூட்டத்துக்கென்றே வழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் 462, 467 மெகாஹெர்ட்ஸ். அந்தந்த நாட்டில் முற்றிலும் முறையானவை இவை. இந்தியாவில் இவற்றுக்கு இந்த விலக்கு இல்லை. இங்கு அந்த அதிர்வெண்கள் வேறு யாருக்கேனும் ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இருபட்டைக் கருவிகள் இதைவிடப் பெரிய சிக்கல். 136 முதல் 174 வரையும் 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் எந்த எண்ணை அடித்தாலும் அவை பேசும். காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத்துறை ஆகியவற்றின் தொடர்புகளும் இந்தப் பரப்புக்குள்தான் வருகின்றன. தெரியாமல் ஓர் எண்ணை அடித்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், காட்டுத்தீ பற்றிச் சொல்ல முயலும் வனக்காவலரின் குரல் அமுங்கிப் போகலாம். "446இல் மட்டும்தான் பேசுவேன், பிறகென்ன?" என்று கேட்பவர் உண்டு. விலக்கு என்பது திருகியில் வைக்கும் எண்ணுக்கு மட்டும் தரப்பட்டதன்று. ஆற்றல் வரம்புக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கருவிக்குத் தரப்பட்டது. 5 வாட் கருவியை 446இல் வைத்துவிட்டதால் அது முறையான கருவி ஆகிவிடாது.

இந்த விற்பனை எவ்வளவு பரவியிருந்தது என்பதை 2025 மே மாத நடவடிக்கை காட்டியது. அதிர்வெண்ணும் உரிமத் தேவையும் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்பனைக்கு வைத்ததாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. தொடர்ந்து, வானொலிக் கருவிகளை இணையத்தில் விற்பதற்கான வழிகாட்டு நெறிகளையும் அதே ஆண்டில் வெளியிட்டது. ஆகவே வாங்குபவர் பார்க்க வேண்டியவை இரண்டு: கருவி இயங்கும் அதிர்வெண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, இ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல் அதற்கு உண்டா. இரண்டுக்கும் பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கடல்சார் வானொலியும் நிலத்துக்கு ஆகாது. மீன்பிடிப் படகுகளில் உள்ள கருவிகளில் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 16ஆம் தடம், கடலில் ஆபத்தில் சிக்கியவர் உதவி கேட்பதற்கானது. தெரிந்த படகுக்காரரிடம் இரவல் வாங்கி மலைக்கு எடுத்துச் செல்வது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். செயற்கைக்கோள் தொலைபேசி இன்னும் கடுமையானது. துரயா, இரிடியம் கருவிகளை இந்தியாவுக்குள் அனுமதியின்றிக் கொண்டுவரத் தடை உள்ளது. அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கின்றனர்.

தூரம் எங்கே குறைகிறது

சட்டம் தெளிவானபின், அரை வாட் போதுமா என்ற கேள்வி எழும். 446 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே நிலம் குறுக்கிடாத வரை தொடர்பு கிடைக்கும். மறைக்கும் பொருள் ஏதும் இல்லாத சமவெளியில் பூமியின் வளைவு மட்டுமே தடை. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவின் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த கருவிக்கு இது 5 கிலோமீட்டர். இருவரும் அப்படி நின்றால் 10 கிலோமீட்டர். அட்டைப்பெட்டியில் எழுதப்படும் தூரம் இப்படிப்பட்ட கணக்கில் வருவது. மரமோ வீடோ இல்லாத உலகத்துக்கு உரியது. ஒருவர் 100 மீட்டர் உயரக் குன்றின் மேல் நின்றால், அவர் பக்கம் மட்டும் 41 கிலோமீட்டராகிவிடும். உயரம் செய்யும் வேலையை ஆற்றல் செய்யாது என்பதை இது காட்டுகிறது. ஆற்றலை அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் பத்து மடங்கு கூட்டினாலும் அடிவானம் ஓர் அடிகூட நகராது. மெலிந்து கேட்ட குரல் தெளியும், சில மரங்களைக் கூடுதலாகத் தாண்டும், அவ்வளவே. நடுவில் ஒரு மலைமுகடு நின்றால் இரண்டு கருவியும் ஊமைதான்.

மலைப்பாதையில் இதன் விளைவு விந்தையானது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் வண்டியோடு தெளிவாகப் பேசலாம். கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் முந்நூறு மீட்டரில் பாறைக்குப் பின்னால் உள்ள வண்டியோடு பேச முடியாமல் போகலாம். தேயிலைத் தோட்டத்தின் திறந்த சரிவு நல்லது. ஈரமான இலைகள் அடர்ந்த சோலைக்காடு அலையை விழுங்கும். ஜீப்பின் இரும்புக் கூரையும் ஓரளவு மறைக்கும். கருவியைச் சன்னலை ஒட்டிப் பிடித்தாலே வேறுபாடு தெரியும்.

இதைச் சரிபார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. கருவி வாங்கிய அன்றே ஒருவர் செக்காலை வீட்டு முற்றத்தில் நிற்க, மற்றவர் கடைவீதிப் பக்கம் நடந்து செல்லலாம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தடித்த சுவர்கள் அடுக்கிய செட்டிநாட்டு வீட்டின் உள்ளே இருந்து பேசினால் எத்தனை அடியில் குரல் உடைகிறது என்று பார்க்கலாம். பிறகு ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில் ஒருவர் ஏறி நின்று, மற்றவர் வண்டியில் விலகிச் செல்லட்டும். நேரம் இருந்தால் குன்றக்குடி மலைப்படியில் ஒருவரை நிறுத்தி, கீழே சாலையில் போய்ப் பேசிப் பார்க்கலாம். ஒரே கருவி மூன்று இடத்தில் மூன்று தூரம் காட்டும். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல இயற்பியல் பாடம் அமைவது கடினம்.

அமெச்சூர் உரிமம்

அரை வாட் போதாது, அடிக்கடி மலைப்பயணம் போகிறோம் என்பவர்களுக்கு முறையான வழி அமெச்சூர் வானொலி உரிமம். பேச்சுவழக்கில் ஹாம். 12 வயது நிரம்பிய எவரும் தேர்வு எழுதலாம். எளிய மின்னணுவியல், வானொலி விதிகள், பேசும் முறை ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். பொது, வரையறுக்கப்பட்டது என இரு நிலைகள் உண்டு. தேர்ச்சி பெற்று உரிமம் வந்தால் அழைப்புக்குறி கிடைக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யூ. என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இவ்வுரிமம் பெற்றவர்.

அமெச்சூர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் பட்டை உண்டு. அதில் கால் அலை ஆன்டெனா அரை மீட்டர்தான். வண்டியின் கூரையில் வைக்க வசதியானது. இதைவிடப் பெரிய நன்மை, மறு ஒலிபரப்பு நிலையம். உயரமான இடத்தில் வைத்த இக்கருவி ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை வேறோர் அதிர்வெண்ணில் உடனே திருப்பி அனுப்பும். கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் அமெச்சூர்கள் இத்தகைய நிலையங்களை நடத்தி வந்துள்ளனர். முன்னே சொன்ன கணக்கை 2,000 மீட்டர் உயரத்துக்குப் போட்டுப் பார்த்தால் அதன் வலிமை விளங்கும்.

2004 டிசம்பரில் இதன் மதிப்பை நாடு கண்டது. அமெச்சூர் குழுவொன்றோடு அந்தமான் சென்று போர்ட் பிளேரில் தங்கியிருந்தார் பாரதி பிரசாத். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அடங்கியபோது, அவருடைய வானொலி தீவுகளிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுசென்றது.

ஆனால் இவ்வுரிமம் குடும்ப அட்டை போன்றதன்று, தனி ஆளுக்குரியது. நான்கு வண்டியிலும் பேச வேண்டுமானால் நான்கு உரிமதாரர் வேண்டும். வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எனவே சுற்றுலா நடத்துவோர் இதை நாட முடியாது. அவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியே தம் குழுவுக்கென அதிர்வெண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அமெச்சூர் கருவியை வண்டியில் பொருத்தி இயக்குவதற்கான நிபந்தனைகளையும் உரிமத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

தூசியும் நீரும் முதலில். ஐ.பி. 67 என்ற குறி இருந்தால், தூசி உள்ளே புகாது. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. கொழுக்குமலையின் விடியற்காலைப் பனியில் நனைய இது வேண்டும். மின்கலம் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருப்பது, பேச்சு 5 பங்கு, கேட்பது 5 பங்கு, சும்மா இருப்பது 90 பங்கு என்ற கணக்கில் வருவது. குடும்பப் பயணத்தில் பிள்ளைகள் கையில் கிடைத்தால் அந்த விகிதம் நிற்காது. வண்டியிலேயே யு.எஸ்.பி. கம்பியால் மின்னேற்றக்கூடியதாக இருப்பது நல்லது. சில்லறை மின்கலம் போடும் வகை, கடையில்லா ஊரில் இன்னும் நல்லது.

குறியொலி என்ற வசதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பேச்சோடு காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த ஒலியையும் அனுப்பி, அதே குறி உள்ள கருவி மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும்படி செய்வது இது. விளம்பரத்தில் "இரகசியக் குறி" என்பார்கள். இரகசியம் ஏதும் இல்லை. குறி வைக்காத எந்தக் கருவியும் எல்லாவற்றையும் கேட்கும். ஒரே தடத்தில் இருந்தும் ஒரு வண்டிக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் அதில் குறி மாறியிருக்கும். கூட்டத்தில் எல்லாக் கருவிகளிலும் குறியை எடுத்துவிட்டாலே பாதித் தொல்லை தீரும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியை வாங்கினால் மீதியும் தீரும்.

கைப்பேசியை வாக்கி டாக்கி ஆக்கும் செயலிகள் இணையம் இருக்கும் வரைதான். அதைக் கருவிக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

பாதையில் பேசுதல்

ஓட்டுநர் கருவியைத் தொடக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுதலில் சேர்க்கிறது. கைப்பேசி என்று மட்டும் அது சொல்லவில்லை. முன்னிருக்கையில் அமர்பவர் பேச வேண்டும்.

பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசத் தொடங்க வேண்டும். இல்லையேல் முதற்சொல் விழுங்கப்படும். "நிற்காதே" என்பதில் முன்னோ பின்னோ அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் எதிர்மறைச் சொல்லைத் தவிர்த்து, "நில்", "வா" என்று நேராகச் சொல்வது நல்லது. "சித்தப்பா, மாமா" என்று அழைத்தால் நான்கு வண்டியிலும் நான்கு பேர் பதில் சொல்வார்கள். முதல் வண்டி, இரண்டாம் வண்டி, கடைசி வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அழுத்தும்போது மற்றவரும் அழுத்தினால் இருவரும் பேசியதாக நினைப்பார்கள், யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. கடைசியில் "ஓவர்" என்று சொல்வது திரைப்படப் பகட்டு அன்று. என் பேச்சு முடிந்தது, நீ அழுத்தலாம் என்பதற்கான குறிப்பு.

ஏற்றத்தில் வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. முதல் வண்டியின் கண்ணே பின்வண்டிகளின் கண். எதிரே எத்தனை ஜீப் வருகின்றன, எங்கே ஒதுங்க இடம் உண்டு என்பதை அது சொல்லிக்கொண்டே போக வேண்டும். தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் கீழேயே பேசி முடித்துவிட வேண்டும்: பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் முன்வண்டி திறந்த இடத்தில் நின்று காத்திருக்கும், பின்வண்டி வரும் வரை நகராது என்பது போல.

வானொலி மீட்புக் கருவி அன்று என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 446 மெகாஹெர்ட்ஸ் கருவி வனத்துறையின் வானொலியோடு பேசாது. அதன் குரல் கூட வந்த வண்டிகளுக்கு மட்டுமே எட்டும். வெளியுதவிக்கு 112 என்ற எண்ணே வழி. அதற்குக் கைப்பேசிச் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று ஜீப் ஓட்டுநரிடம் ஏறும்போதே கேட்டு, அந்த இடத்தைக் கடக்கும்போது எல்லா வண்டிக்கும் வானொலியில் சொல்லிவிட வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது இறங்குவோம் என்பதை எழுதிக் கீழே தங்கும் விடுதியில் ஒருவரிடமும், செக்காலையில் வீட்டில் இருப்பவரிடமும் கொடுத்துச் செல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.